அடைகாத்த படலம்

முப்பது வருடத்துக்கு மேல் கணித ஆசிரியராக இருந்து, "சும்மா இருங்கடா" என்று வகுப்பு வகுப்பாகக் கத்தியே தொண்டை கட்டிப்போனவன் நான். அந்தச் சும்மா இருத்தல் எவ்வளவு கஷ்டமான பாடம் என்பது பென்ஷன் எடுத்த பிறகுதான் விளங்கியது. காலையில் கெலிஓயாச் சந்திக்குப் போய்ப் பாணும் பத்திரிகையும் வாங்கி வருவேன். எட்டரைக்குள் பத்திரிகை முடிந்துவிடும், மரண அறிவித்தல் உட்பட. அதற்குப் பிறகு மாலை வரை இந்த வீட்டில் நான் ஒரு தளபாடம். அதுவும் வழியில் கிடக்கும் தளபாடம். மனைவி கூட்டிக்கொண்டு வரும்போது "காலத் தூக்குங்க" என்பாள், தூக்குவேன். இறக்கச் சொல்லி மட்டும் உத்தரவு வராது. நானாக இறக்கினால், சரியாக அந்த இடம்தான் இன்னும் காயாமல் இருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு மனிதனின் கண்ணில் முட்டையிடுகிற ஓணான் படலாமா? பட்டுவிட்டது.

சித்திரை மழை பெய்து ஓய்ந்த ஒரு பின்னேரம். வீட்டுக்குப் பின்னால் மனைவியின் கொச்சிக்காய்ப் பாத்தி இருக்கிறது. அந்த ஈர மண்ணில், வயிறு புடைத்த ஓர் ஓணான் முன்னங்கால்களால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. நமது சாதாரண வேலி ஓணான்தான், சிறுவயதில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு நாமெல்லாம் பிடித்த அதே சாதி. கொஞ்சம் தோண்டும், நிறுத்தும், தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும், பிறகு தோண்டும். என்னை ஒரு பொருட்டாக அது மதிக்கவில்லை. வீட்டு நிலவரம் அதற்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. குழி தோதாக வந்ததும் திரும்பி, பின்பக்கத்தை உள்ளே விட்டு உட்கார்ந்தது. எல்லாம் முடிந்த பிறகு மண்ணைத் தள்ளி மூடியது பாருங்கள், அதுதான் வேலை! மூடிய மண்ணை மூக்கால் குத்திக் குத்தி இறுக்கியது. ஒரு பக்கம் குத்தும், நகரும், அடுத்த பக்கம் குத்தும். எங்கள் வீட்டு மதிலைக் கட்டிய பாஸ் இந்த மாதிரி மண் இறுக்கியிருந்தால் போன மழைக்கு அது விழுந்திருக்காது. கடைசியில் அங்கே குழி இருந்த அடையாளமே இல்லை. ஓணான் வேலியேறிப் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு அதோடு கடமை முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கியது.

வீட்டுக்குள் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "இஞ்சப் பாருங்க, நாளக்கி அந்தப் பாத்தியக் கொத்திப் பசள போடணும். முட்ட ஈந்தா எடுத்து வேற எங்கயாவது வைங்க. இல்லாட்டி மம்பட்டிக்கு நான் பொறுப்பில்ல" என்றாள். இதை ஒரு அனுமதிப்பத்திரம் என்று எடுத்துக்கொண்டேன்.

தேக்கரண்டியால் மெதுவாகக் கிளறியபோது 14 முட்டைகள் வந்தன. கோழி முட்டையின் ஓட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த உடைகிற ஓடு பல்லி முட்டைக்குத்தான். சுவரோடு ஒட்டி, இரண்டிரண்டாக, கரண்ட் பெட்டிக்குள்ளே கிடக்குமே, அது. ஓணான் முட்டைக்குத் தோல்தான். வெள்ளையாய், நீள்வாக்கில், விரல் நகமளவில், விரலால் தொட்டால் இலேசாக அமுங்கும். என் சிறுவயதில் உம்மா கோழி வளர்த்தவர். கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நானும் காலை, பகல், இரவு என்று மூன்று வேளை புரட்டுவதாக ஒரு நேரசூசி எழுதிக்கொண்டேன். நேரசூசி எழுதாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது.

நல்ல காலம், அன்றிரவே இலண்டனிலிருந்து தங்கச்சி மகன் தொலைபேசியில் வந்தான். அவன் அங்கே சிறுத்தைப் புள்ளி போட்ட பல்லி வளர்க்கிறான். லெபர்ட் கெக்கோ என்று பெயர். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் கற்பாறைப் பல்லி அது. இப்போது உலகம் முழுக்க ஆட்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, முட்டை பொரிக்க வைத்து, குட்டிக்குப் பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இவ்வளவு பணம் செலவழித்துப் படிக்க அனுப்பிய பிள்ளை பல்லிக்குப் பிரசவம் பார்க்கிறானே என்று தங்கச்சி அழாத நாளில்லை. நானும் அவளுக்கு ஒத்து ஊதியவன்தான். அன்றைக்கு அவனிடமே ஆலோசனை கேட்க வேண்டியதாயிற்று.

"மாமா, திருப்பினீங்களா?" என்று அலறினான்.

"இன்னும் இல்ல. காலையில ஆறு மணிக்குத்தான் நேரம் போட்டிருக்கேன்."

"திருப்பவே கூடாது!"

கோழி முட்டைக்குள் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் முறுக்குக் கயிறு மாதிரி ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறதாம். நீங்கள் முட்டையை எப்படிப் புரட்டினாலும் அது சமாளித்துக்கொள்ளும். புரட்டாமல் விட்டால்தான் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக் கெட்டுப்போகும். ஊர்வனவற்றின் முட்டைக்குள் அந்தக் கயிறு கிடையாது. இட்டதும் கொஞ்ச நேரத்திலேயே கரு மேல்பக்கமாக வந்து தோலின் உட்புறத்தோடு ஒட்டிவிடும். அதற்கப்புறம் கவிழ்த்தால் ஒட்டிய இடம் கிழியும், அல்லது கரு மஞ்சளுக்கு அடியில் நசுங்கிப்போகும். ஆமைக்கும் முதலைக்கும் இதே கதைதான். எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடக்க வேண்டும். கை தவறாமலிருக்க மேல்பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டு வையுங்கள் என்றான்.

எந்த அடையாளம் என்று அவன் சொல்லவில்லை. பென்சில் கையில் வந்ததும் பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். என் வாழ்நாளில் ஒரு வகுப்பு முழுக்கச் சரி போட்டது அன்றைக்குத்தான்.

அடுத்தது வீடு. மருமகனிடம் இருப்பது டிஜிட்டல் கருவி. அதன் விலையைப் பவுணிலிருந்து ரூபாவுக்கு மாற்றிப் பார்த்தேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். சந்தியில் மீன்காரரிடம் ஒரு பழைய ரெஜிபோம் பெட்டி கிடைத்தது. மனைவி எறிய வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. முட்டையைப் புதைக்க வெளிநாட்டில் வெர்மிகுலைட் என்று ஏதோ சுட்டெடுத்த கனிமம் வாங்குகிறார்கள். நமக்குக் கொகுபத் இருக்கிறதே! பூச்சாடிக்குப் போடும் தும்புத்தூள்தான். அதை நனைத்து, கைக்குள் பிடித்து இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாது, ஆனால் கை ஈரமாக வேண்டும். அதுதான் பதம். அதைவிடக் காய்ந்தால் முட்டை சுருங்கும். அதைவிட நனைந்தால் உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் சாகும், ஏனென்றால் அந்தத் தோல் வழியாகத்தான் அது காற்று வாங்குகிறது. தண்ணீரும் அதே வழியாகத்தான். தோல் முட்டை மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி நாளுக்கு நாள் பருக்கும். இட்ட பிறகு வளர்கிற முட்டை! இந்த ஒரு விஷயத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அது கணக்குப் புத்தகமாக இருந்திருக்காது.

பெட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீருக்குள் மீன் தொட்டிக்குப் போடும் ஹீட்டர், நடுவில் ஒரு செங்கல், செங்கல் மேல் டப்பா. ஹீட்டர் வயருக்காகப் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. எல்லாம் பொருந்திவிட்டது. வெப்பம் பார்க்க வேண்டுமே? வீட்டில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். அது அசையவே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன், காய்ச்சல் தெர்மாமீட்டர் 35 பாகையிலிருந்துதான் தொடங்குகிறது. அதன்படி, பெட்டிக்குக் காய்ச்சல் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த மீன்பெட்டி எவ்வளவு கழுவியும் மீன்பெட்டியாகவே இருந்தது. பக்கத்துத் தெருப் பூனைகளெல்லாம் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வரிசையில் உட்காரத் தொடங்கின. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேலியில போன ஓணான எடுத்து மடியில கட்டின கத எண்டு சொல்லுவாங்க. நான் இவ்வளவு நாளும் அது கத எண்டுதான் நெனச்சீந்தேன்" என்றாள்.

இனி விஷயத்தின் ருசியான பகுதிக்கு வருகிறேன். மருமகன் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டான், "மாமா, உங்களுக்கு ஆண் வேணுமா, பெண் வேணுமா?"

இது நாம் கேட்டு வாங்குகிற சாமானா? ஆனால் அப்படித்தானாம். கோழிக்கும் மனிதனுக்கும் ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும்போதே முடிந்துபோன தீர்ப்பு. ஊர்வன பலவற்றுக்கு அது முட்டை கிடக்கும் இடத்தின் சூட்டைப் பொறுத்தது. 1966இல் மட்லேன் ஷார்னியே என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஆப்பிரிக்காவில் டாக்கர் நகரத்தில் நமது ஓணானுக்கு உறவான ஒரு பிராணியின் முட்டைகளை வைத்து முதன்முதலில் இதைக் கண்டுபிடித்தார். கடலாமைக்கு மண் சூடானால் பெண். அவுஸ்திரேலியாவின் வடகிழக்கே, பெருந்தடுப்புப் பவளப்பாறையின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. பூமி சூடாகிறதல்லவா, அதன் விளைவு. நமது பக்கத்துச் சதுப்பு முதலை தலைகீழ். சென்னையில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையில் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள், 32.5 பாகை அளவில் ஆண்கள் வந்தன, அதற்குக் குறைந்தால் பெண்கள். மருமகனின் புள்ளிப் பல்லியோ 26, 27இல் பெண், 32 தாண்டினால் பெரும்பாலும் ஆண், 34, 35 ஆனால் மறுபடியும் பெண்.

"நம்மட ஓணானுக்கு?" என்று கேட்டேன்.

அதையும் ஒருவர் விடவில்லை. கர்நாடகத்தில் தார்வாட் பல்கலைக்கழகத்தார் நமது இதே வேலி ஓணானை வைத்து ஆராய்ந்து 2012இல் எழுதியிருக்கிறார்கள். சூடு ஏற ஏற முதலில் பெண், பிறகு ஆண், பிறகு மறுபடி பெண், அதன் பிறகு மறுபடி ஆண். சில பாகைகளுக்கு ஒரு முறை முடிவை மாற்றிக்கொள்கிறது. இதை வாசித்துவிட்டு என் பெட்டியையும் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் பார்த்தேன். உள்ளே என்ன உற்பத்தியாகிறது என்பது படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

இரவுச் சாப்பாட்டில் இந்த அறிவையெல்லாம் மனைவியிடம் கொட்டினேன். வழக்கமாக நான் பேசும்போது அவள் சோற்றைப் பார்ப்பாள். அன்றைக்கு என்னைப் பார்த்தாள். எங்களுக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். என் உம்மா, அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும், ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் மருமகளிடம் மட்டும் ஒரு வாரம் பேசமாட்டார். மனைவி குழம்பை என் கோப்பையில் ஊற்றிக்கொண்டே, "நல்ல காலம், மாமிக்கு இது தெரியாமப் போச்சி. தெரிஞ்சீந்தா என்னக் கொண்டுபோய் அடுப்படியிலயே படுக்க வெச்சீப்பாங்க" என்றாள்.

அதற்கப்புறம் நான் அந்த விஷயத்தை எடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் இரண்டு முட்டை மஞ்சளித்து, சுருங்கி, பூஞ்சணம் பிடித்தது. கரு பிடிக்காத முட்டை அப்படித்தான் போகும் என்றான் மருமகன். அவற்றை எடுத்துவிட்டேன். மற்றவை உருண்டு திரண்டு, தோல் விறைத்து நின்றன. உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொன்னான்: இருட்டறையில் முட்டைக்குப் பக்கத்தில் டோர்ச் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பகலில் இருட்டாக இருக்கும் ஒரே அறை குளியலறை. டப்பாவை அசையாமல் தூக்கிக்கொண்டு போய், கதவைப் பூட்டி, போனில் உள்ள டோர்ச்சை ஒரு முட்டைக்கு அண்மையில் பிடித்தேன். வெள்ளைத் தோல் ரோசா நிறமானது. அதற்குள்ளே, நம் கண்ணில் தூசு விழுந்தால் தெரியுமே, அவ்வளவு மெல்லிய சிவப்பு நரம்புகள் கிளை கிளையாகப் பரவியிருந்தன. நடுவில் ஒரு கரும்புள்ளி. அது மெதுவாக அசைந்தது.

"உள்ளுக்கு என்ன செய்யிறீங்க இவ்வளவு நேரம்?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

நான் ஆனந்தத்தில், "ரத்தம் தெரியிது புள்ள! ரத்தம்!" என்று கத்தினேன்.

சர்க்கரை வியாதி உள்ள புருஷன் குளியலறைக்குள்ளிருந்து இப்படிக் கத்தினால் எந்த மனைவியும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். மகளுக்கு அடித்து, மகள் மாப்பிள்ளைக்கு அடித்து, மாப்பிள்ளை கம்பளையிலிருந்து காரில் கிளம்பி, பக்கத்து வீட்டார் கதவை உடைக்க அலவாங்கோடு வந்துவிட்டார். கதவைத் திறந்து, கையில் ஐஸ்கிரீம் டப்பாவோடு வெளியே வந்தேன். அந்த நேரத்து அமைதியை இன்னும் மறக்க முடியவில்லை.

அலவாங்கோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர், என்னிடம் மிகுந்த மரியாதை உள்ளவர். அதாவது, அன்று வரை. டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சேர், இது வனசீவராசிக்காரர்கள் பிடிக்கிற கேஸ் இல்லையா?" என்று கேட்டார். எனக்குக் குளிர்ந்துவிட்டது. காட்டு விலங்குகளைப் பாதுகாக்க 1937இலிருந்தே இந்த நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது, காலத்துக்குக் காலம் திருத்திக் கடுமையாக்கியிருக்கிறார்கள். காரணமில்லாமல் இல்லை. கண்டியில் உடவத்த கெலேக் காட்டில் மூக்கு நுனியில் உருண்டை வைத்த ஓர் ஓணான் இருக்கிறது. சிங்களத்தில் கரமல் போதிலியா என்பார்கள். இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதைத் திருடிக் கடத்தி வெளிநாட்டில் பெட்டியில் வளர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் பத்திரிகையில் படத்தோடு வரும். என் பத்திரிகையில் என் படமா? அதுவும் மரண அறிவித்தலுக்கு முந்திய பக்கத்தில்?

நான் பிடிக்கவில்லை, அது தானாக வந்து போட்டது, பொரித்ததும் அதே வேலியில் விட்டுவிடுவேன் என்று அவரிடம் சத்தியம் செய்தேன். அவர் அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு, "வேலியில் கிடந்தாலும் பொரிக்கும்தானே சேர், கரண்ட் இல்லாமல்?" என்றார். ரயில்வேக்காரர்களுக்கு எப்போதும் இப்படிக் குறுக்குக் கேள்வி வரும்.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு இரவு நல்ல மழை, இடி, கரண்ட் போய்விட்டது. நடு இரவிலும் வரவில்லை. தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன், ஆறிக்கொண்டிருந்தது. உடும்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. புற்றுக்குள் முட்டையிடும், கறையான்கள் புற்றைப் பழுது பார்த்து, ஒரே சீரான சூட்டில் வைத்திருக்கும். மலைப்பாம்பு இன்னும் ஒருபடி மேல். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்து, உடம்புத் தசைகளை நடுக்கி நடுக்கித் தானே சூடு உண்டாக்கும். இதையும் 1966இல்தான், நியூயோர்க்கில் பிரோங்ஸ் மிருகக்காட்சிசாலைப் பாம்பு ஒன்றை வைத்து அளந்து எழுதினார்கள். குளிர்ந்த இரத்தப் பிராணி என்று நாமெல்லாம் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய பிராணி அது! மெழுகுதிரி வெளிச்சத்தில் யோசித்தேன். சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டு, ஒரு பழைய போர்வை, நடுவில் டப்பா. எல்லாவற்றையும் கட்டிலில் என் பக்கத்தில் வைத்து அணைத்துக்கொண்டு படுத்தேன். மனைவி தூக்கத்தில் புரண்டு கையைப் போட்டாள். கை டப்பாவில் பட்டது. எழுந்து உட்கார்ந்து மெழுகுதிரியை ஏற்றினாள்.

மலைப்பாம்பு நடுங்குவது எப்படி என்று அப்போது எனக்கு நன்றாக விளங்கியது.

பிறகு பல இரவுகள் விறாந்தையில்தான் படுக்கை. பெட்டியும் நானும்.

ஓணான் முட்டை ஆறேழு வாரத்தில் பொரிக்கும். நியூசிலாந்தில் டுவாட்டாரா என்று ஒன்று இருக்கிறது, அதன் முட்டை பொரிக்க ஒரு வருடத்துக்கும் மேலாகும். அதை வளர்க்கிற மனிதனுக்கும் ஒரு மனைவி இருப்பாள், அவளுக்கு என் சலாம். எங்கள் பெட்டியில் ஐந்தாவது வாரம் தாண்டியதும் நான் பெட்டியை விட்டு நகரவில்லை. பொரிக்கப் போகும் முட்டை வியர்க்கும், இலேசாகக் குழி விழும் என்று மருமகன் சொல்லியிருந்தான். உள்ளே குஞ்சின் மூக்கு நுனியில் ஒரு சின்னப் பல் முளைத்திருக்கும், முட்டைப் பல். இந்த ஒரு காரியத்துக்காக மட்டும். அதனால் தோலைப் பிளேட் போட்ட மாதிரிக் கீறும். வெளியே வந்த பிறகு அந்தப் பல் விழுந்துவிடும். கீறியதும் உடனே வராது. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உள்ளே இழுத்து முடியும் வரைக்கும் மணிக்கணக்காக அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் உதவி செய்கிறேன் என்று பிடித்து இழுத்தவர்களெல்லாம் குஞ்சைக் கொன்றிருக்கிறார்கள். நான் இழுக்கமாட்டேன். பார்க்க மட்டும் வேண்டும், மருமகனுக்கு வீடியோ அனுப்ப வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை முட்டைகள் வியர்த்தன. இரவு முழுக்கக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளி காலையில் ஒன்றும் நடக்கவில்லை. ஜும்ஆவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனேன். அன்றைக்குப் பார்த்துக் குத்பா நீண்டது. பொறுமையைப் பற்றி.

திரும்பி வந்து மூடியைத் திறந்தால், 12 முட்டையும் கீறிக் கிடக்கின்றன. காலித் தோல்கள். நான் போட்ட சரி அடையாளம் அப்படியே இருக்கிறது. குஞ்சு ஒன்றுகூட இல்லை. ஹீட்டர் வயருக்காக நான் போட்ட ஓட்டை இருக்கிறதே, அதற்குள் என் இரண்டு விரல் போகும். பேனா மூடியளவு உடம்பும் அதைவிட நீளமான வாலும் உள்ள பிராணிக்கு அது நெடுஞ்சாலை.

மனைவியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அவள் முன்னறையில் சீட்டுக்காரப் பெண்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில்தான் சீட்டு எடுப்பு. நான் கதவோரத்தில் நின்று, திரைச்சீலையை மேலிருந்து கீழாக ஆராய்ந்தேன். ஒரு பெண்மணி என்னைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். இன்னொருவர், "சேருக்கு என்ன வேணுமாம்?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். அதற்கு அவள் பதில் சொல்வதற்கு முன், வேண்டியது தானாகவே சோபாவின் முதுகில் ஏறி, சீட்டுத் தலைவியின் தோளில் உட்கார்ந்தது.

எங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை கதிரை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்லாவற்றின் மேலும் ஆள் நின்றது. ஒரு பெண்மணி மேசைமேல், கையில் தேநீர்க் கோப்பையோடு, ஒரு சொட்டும் சிந்தாமல். குஞ்சுகளும் சளைக்கவில்லை, ஒன்று சுவரில், ஒன்று நாட்காட்டியில், ஒன்று சீட்டுக் காசு வைத்த பெட்டிக்குள். நான் நடு அறையில் நின்று, "பயப்படாதீங்க, கடிக்காது, இன்னும் முட்டைப் பல்கூட விழுந்திருக்காது" என்று விளக்கம் கொடுத்தேன். பல் என்ற சொல் காதில் விழுந்ததும் சத்தம் இன்னும் கூடியது.

காரியத்தை முடித்தது மனைவிதான். ஒரு கண்ணாடிக் கோப்பையும் பழைய வாழ்த்து அட்டையும் எடுத்தாள். கவிழ்த்தாள், அட்டையை அடியில் செருகினாள், தூக்கினாள், வேலியில் விட்டாள். அடுத்தது. முகத்தில் சலனமே இல்லை. இத்தனை வாரம் படித்த நான் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. சில குஞ்சுகள் தப்பி, பிறகு பல நாட்களுக்குத் தையல் மெஷின் லாச்சியிலும், அரிசி அளக்கும் சுண்டுக்குள்ளும், என் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலும் தோன்றி மறைந்தன. "பெண்ணா, ஆணா?" என்று மருமகன் கேட்டான். தெரியவில்லை என்றேன். வீடியோ கேட்டான். காலித் தோலின் படத்தை அனுப்பினேன். "எலி சாப்பிட்ட மாதிரி ஈக்கிது மாமா" என்று பதில் வந்தது.

சீட்டுக்காரப் பெண்கள் எல்லோருக்கும் வாய் இருக்கிறது, வீடும் இருக்கிறது. அஸருக்கு முன் கதை கெலிஓயாச் சந்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே த்ரீவீல் நிறுத்தத்தில் என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். பின்னம் கூட்டத் தெரியாமல் ஒரு வருடம் முழுக்க முழங்காலில் நின்றவன். "நீ உருப்படவே மாட்டடா" என்று அவனுக்கு நான்தான் எழுத்தில் கொடுத்தேன். இப்போது மூன்று த்ரீவீல் சொந்தமாக ஓடுகிறது. கதையைக் கேட்டதும் அவன்தான் என் வீட்டுக்குப் புதுப் பெயர் வைத்தான். தபால்காரரும் அதையே சொல்கிறார், பார்சல் கொண்டு வரும் பையனும் சந்தியில் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறான். முப்பது வருடம் படிப்பித்து எடுத்த பெயர், ஒரு வெள்ளிக்கிழமையில் போயிற்று. மனைவியாவது எனக்காக இரண்டு வார்த்தை பேசுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று காஸ் சிலிண்டருக்கு அவள் போன் பண்ணினாள். வழி தெரியாமல் அந்தப் பக்கத்துப் பையன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "மிச்சம் லேசு மகன்," என்றாள். "சந்திக்கு வந்து, ஓணான் சேர்ட வீடு எங்க எண்டு கேளுங்க."